கெபியில் வைத்த கை

தவமலரின் கத்திக்குக் கண் இருக்கிறது என்று கருவாடு போடும் வாடியில் சொல்வார்கள். நுரைச்சோலைக்கும் கற்பிட்டிக்கும் நடுவில் உள்ள அந்தக் கரையில் கருவாட்டுக்கு மீன் கீறுகிற பெண்கள் நாற்பது பேராவது இருப்பார்கள். ஆனால் ஒரு கட்டா மீனை முதுகுப் பக்கமாக ஒரே இழுப்பில் கீறி, கொப்பி விரித்த மாதிரி விரித்து, முள்ளில் சதை ஒட்டாமல் உப்புத் தொட்டிக்குத் தள்ளுவதற்கு அவளைப் போல ஆள் கிடையாது. மீன் வலையில் பட்டதா, தூண்டிலில் ஏறியதா, எத்தனை மணித்தியாலம் ஐஸில் கிடந்தது, எல்லாமே கத்தி உள்ளே இறங்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும். பக்கத்துப் பலகையில் இருக்கும் ஜுனைதா, "இவ டொக்டரா ஈக்க வேண்டியவ, இந்த வாடிக்குள்ள வந்து மாட்டிக்கிட்டா" என்று சொல்லிச் சிரிப்பாள்.

வெடி போட்டுப் பிடித்த மீனையும் அந்தக் கத்தி காட்டிக் கொடுக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. செதில் மினுங்கும், கண் தெளிவாக இருக்கும். கீறினால் நடுமுள் இரண்டு மூன்று இடத்தில் முறிந்திருக்கும். முள்ளை ஒட்டி இரத்தம் கட்டிப்போய் நிற்கும். உள்ளே காற்றுப்பை கிழிந்து கிடக்கும். கடலுக்குள் வெடிக்கிற வெடி மீனை வெளியே தொடுவதில்லை, உள்ளேதான் உடைக்கிறது. அப்படி மீன் வருகிற நாட்களில் தவமலர் முகத்தைச் சுளிப்பாள், ஆனால் கீறுவாள். வாடியும் போட்டும் மடுத்தீன் சம்மாட்டியாருடையவை. அவர் கொண்டுவருகிற மீனை மாட்டேன் என்றால் வேறு எங்கே போவது? எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள். சட்டத்துக்கு விரோதம், பாவம் என்பதெல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் உப்புப் போட்டார்கள்.

மன்னார்ப் பக்கத்துப் பிள்ளை தவமலர். பதினொரு வயதில், சண்டைக்காலத்தில், தகப்பனோடும் ஒரு பெட்டி உடுப்போடும் தோணியில் இந்தக் கரைக்கு வந்து இறங்கினாள். இறங்கிய அன்று அவர்களுக்குப் பாணும் பருப்பும் கொடுத்தது ஜுனைதாவின் உம்மா. அன்றைக்குத் தொடங்கிய சிநேகிதம் இன்றைக்கு முப்பது வருடத்தைத் தாண்டிவிட்டது. இருபத்திரண்டு வயதில் யோசேப்பைக் கட்டினாள். அதிர்ந்து பேசாத மனுசன், கடலை விட்டால் வீடு, வீட்டை விட்டால் கோயில். பிள்ளை கிடைக்கவில்லை. கிடைக்காத பிள்ளைக்காக இரண்டு பேரும் தலவில் கோயில் பெருநாளுக்கு நடந்துபோய் நடந்துபோய்க் கடைசியில் ஒரு வருடம் போகாமல் விட்டார்கள், பிறகு அதைப் பற்றிக் கதைப்பதும் இல்லை.

பக்கத்து வளவில் ஜெனோசன் வீடு கட்டியபோது தவமலருக்கு அது ஒரு பெரிய ஆறுதலாக இருந்தது. இருபத்தேழு வயதுப் பொடியன், மடுத்தீனின் போட்டில் சுழியோடி. வெடியில் செத்து அடியில் கிடக்கிற மீனை முக்குளித்து அள்ளுகிறது அவன் வேலை. அவன் கட்டிக் கூட்டிவந்த வதனா சிலாபத்துப் பிள்ளை, இந்த ஊரில் அவளுக்குச் சொந்தபந்தம் யாரும் இல்லை. இரண்டு வளவுக்கும் நடுவில் இருந்த கிடுகு வேலியில் ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி விழுந்திருந்தது. யாரும் அதை அடைக்கவில்லை. அந்த வழியாலேதான் கறிச் சட்டியும் சீனியும் கதையும் போய்வந்தன.

ஜனவரி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி இருக்கும், மடுத்தீனின் போட் வழமைக்கு முன்னதாகக் கரைக்கு வந்தது. எஞ்சினில் மடுத்தீன் இருந்தார், முன்பக்கம் யோசேப்பு இருந்தான். நடுவில் படங்குத் துணியால் மூடி ஜெனோசன் கிடந்தான்.

மடுத்தீன் கரையில் வைத்தே எல்லோருக்கும் கதையைச் சொன்னார். வலை கல்லில் கொளுவிவிட்டதாம். அதை எடுக்கப் பொடியன் இறங்கினானாம், மேலே வரவில்லையாம். பிறகு யாரும் கேட்காத ஒன்றையும் சேர்த்தார். "காலமையில இருந்து அவன்ர மனம் சரியில்லை. வீட்டில பெண்சாதியோட கொளுவுப்பட்டுட்டு வந்தவன் போல. ஒரு வார்த்தை கதைக்காமல் குதிச்சான்."

ஓடிவந்து கொண்டிருந்த வதனாவின் காதில் அந்தக் கடைசி வசனம் விழுந்தது. அவள் அழவில்லை, மணலில் அப்படியே இருந்துவிட்டாள்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. பிரேதம் ஏறிவந்த போட்டில் உள்ள மீனை விற்கமாட்டார்கள், சமைக்கவும் மாட்டார்கள். மணலில் புதைத்துவிடுவார்கள். ஊர் முழுக்க ஜெனோசன் வீட்டுக்குப் போன நேரம், மடுத்தீன் பின்பக்கத்தால் ஆறு பெட்டி மீனை வாடிக்குக் கொண்டுவந்தார். வாடியில் தவமலர் மட்டும்தான் நின்றாள், அவளும் கத்தியைக் கழுவி வைத்துவிட்டுச் செத்த வீட்டுக்குப் போகவே நின்றாள். கெதியாகக் கீறி உப்பில் போட்டுவிடு பிள்ளை, யாரும் பார்க்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். வழக்கத்தை மீறி மீனை மிச்சம் பிடிக்கிறார் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். அதுவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. முதல் கட்டாவைக் கீறினாள். நடுமுள் மூன்று இடத்தில் முறிந்திருந்தது. இரண்டாவதைக் கீறினாள். மூன்றாவதையும் கீறினாள்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கல்லில் கொளுவிய வலை என்று ஒன்று இல்லவே இல்லை.

பாருங்கள், அந்த இடத்தில் அவள் கத்தியைக் கீழே வைத்திருக்கலாம். வைக்கவில்லை. காற்று வதனாவின் வீட்டுப் பக்கமிருந்துதான் வீசியது. ஒப்பாரிச் சத்தம் தெளிவாகக் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே ஆறு பெட்டியையும் கீறி முடித்தாள். பயந்தா, பழக்கத்திலா, யோசேப்பை நினைத்தா? அவளுக்கே தெரியவில்லை. கை போய்க்கொண்டே இருந்தது. மத்தியானத்துக்கு முன்னால் ஜெனோசன் எப்படிச் செத்தான் என்பதைச் சொல்லக்கூடிய அத்தனையும் உப்புக்குள் போய்விட்டது.

வீட்டுக்கு வந்தபோது யோசேப்பு கிணற்றடியில் நின்று வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தான். அவனாகவே சொன்னான்.

"நான் போட்டது, மலர். முதல் வெடிக்கு அவன் இறங்கினவன். மற்றப் பக்கத்தால இன்னொரு மீன் கூட்டம் போச்சுது. 'அவன் மேல வந்திட்டான், போடு' எண்டார் சம்மாட்டியார். நான் திரும்பிப் பார்க்கேல்லை. பார்க்காமல் போட்டன்."

அன்று பொழுது சாய முன்னரே மடுத்தீன் இரண்டு பேரையும் கடற்கரையில் இருக்கும் அந்தோனியார் கெபிக்கு வரச்சொன்னார். சின்னக் கெபி அது. சீமெந்தில் கற்குகை மாதிரி கட்டி, உள்ளே ஆளுயரத்தில் பாதி வரும் சுரூபம். தொழில் தொடங்க முதல் போட்காரர் எல்லோரும் அங்கே வந்து அந்தோனியாரின் காலில் கை வைத்து, பங்கில் ஏமாற்றமாட்டோம், மற்றவன் வலையில் கை வைக்கமாட்டோம் என்று சத்தியம் செய்வார்கள். அந்தச் சத்தியத்தை முறித்தவனுக்குக் கடல் என்ன செய்தது என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை இருக்கிறது. நூறு வருடமாக நல்லதுக்கு நின்ற வழக்கம். மடுத்தீன் அதையே எடுத்து ஒரு பொய்க்குப் பூட்டாகப் போட்டார். முதலில் தன் கையை வைத்தார், பிறகு யோசேப்பு வைத்தான். பிறகு தவமலரின் பக்கம் திரும்பினார். மீனைக் கீறியது நீதானே பிள்ளை என்று மெதுவாகச் சொன்னார்.

உப்பில் வெடித்த உள்ளங்கையை அவள் அந்தக் காலடியில் வைத்தாள். வெயில் குடித்த சீமெந்து சுட்டது. "இது எங்கள் மூண்டு பேரோட சாகோணும்" என்று மடுத்தீன் சொல்லித்தர, மூன்று பேரும் சொன்னார்கள்.

அடுத்த நாள் மரண விசாரணையில் யோசேப்பு அந்தக் கதையை அப்படியே ஒப்புவித்தான். கல், வலை, மனம் சரியில்லாத பொடியன், ஒரு வார்த்தை கதைக்காமல் குதித்தது. கண்டவர்கள் இரண்டு பேரும் ஒரே கதையைச் சொன்னால் வேறு என்னத்தை எழுதுவது? நீரில் மூழ்கிய மரணம் என்று எழுதினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஜெனோசனைப் புதைத்தார்கள்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு வதனா வாடிக்கு வேலைக்கு வந்தாள். சிலாபத்துக்குப் போகச் சொல்லித் தாய் வந்து கூப்பிட்டும் போகவில்லை, அவர் கிடக்கிற மண் இதுதான் என்று சொல்லிவிட்டாள். அவளுக்குக் கீறத் தெரியாது. பழக்கிவிடும்படி மடுத்தீனே அவளைக் கொண்டுவந்து தவமலரின் பலகைக்குப் பக்கத்தில் இருத்தினார். இரக்கப்பட்டுச் செய்தாரோ, கண்ணுக்கு முன்னால் வைத்திருக்கச் செய்தாரோ, அந்த மனுசனுக்குத்தான் வெளிச்சம்.

இப்படித்தான் தவமலர் அடைபட்டுப் போனாள். காலை ஆறு மணி தொடக்கம் பின்னேரம் மூன்று மணி வரைக்கும் அவளுக்கு இடது பக்கம் வதனா. வீட்டுக்கு வந்தால் வேலியில் இடைவெளி, அதற்கு அங்கால் வதனா. வீட்டுக்குள் போனால் யோசேப்பு. அவன் மீன் தின்பதை விட்டுவிட்டான். சோற்றில் தண்ணீரை ஊற்றிக் கரைத்துக் குடித்துவிட்டு எழும்பிப்போவான். கெபியைத் தாண்டாமல் கோயிலுக்குப் போக வேறு பாதை இல்லை. அந்தோனியாரைக் காணும்போதெல்லாம் உள்ளங்கை சுடுவது போல இருந்தது. காற்றாடி ஆலைகள் கரை நீளத்துக்குச் சுற்றிக்கொண்டே நின்றன. மூச்சு விடுவதற்கு ஊரில் அவ்வளவு காற்று இருந்தும் அவளுக்கு மட்டும் போதவில்லை.

வதனா தலைமுடியை வாரி இழுப்பதை விட்டுவிட்டாள். சாப்பாட்டை மறந்தாள். ஒவ்வொரு நாளும், மீனைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்டாள். யோசேப்பு அண்ணை வேறு ஏதாவது சொன்னவரோ, குதிக்கும்போது அவர் முகம் எப்படி இருந்ததாம், என் பேரைச் சொன்னவராமோ. தவமலர் தெரியாது பிள்ளை, தெரியாது பிள்ளை என்று சொல்லிச் சொல்லி, அந்தச் சொல்லே வாயில் கசந்து போனது. ஒருநாள் வதனா அவள் பக்கம் குனிந்து, ஜுனைதாவுக்குக் கேட்காமல், சொன்னாள்:

"அண்டைக்குக் காலமை அவரோட சண்டை பிடிச்சனான் அக்கா. அந்த வெடித் தொழில் வேண்டாம் எண்டு. 'இனி இந்தப் போட்டில போனா வீட்ட வராதையுங்கோ' எண்டு சொன்னனான். வரேல்லைத்தானே. என்ர வாய்தான் அக்கா அவரைத் திண்டது."

தவமலரின் கத்தி வழுக்கிப் பெருவிரலை வெட்டியது. இரத்தத்தை உப்புத் தண்ணீரில் கழுவினாள். எரிந்தது. எரியட்டும் என்று விட்டாள்.

தான் வாயை மூடிக்கொண்டு மட்டும் இருக்கிறேன் என்றுதான் அதுவரைக்கும் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படி இல்லை. மடுத்தீன் சேர்த்த அந்த ஒரு வசனம் பக்கத்தில் இருந்த பிள்ளையைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருந்தது. அதை நிறுத்தக்கூடியவள் இவள் ஒருத்திதான்.

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு நெற்றியில் சாம்பலை வாங்கிக்கொண்டு வந்தாள். மனந்திரும்பச் சொல்லித்தான் ஃபாதர் பூசினார். எந்தப் பக்கம் திரும்புவது? சொன்னால் செய்த சத்தியத்துக்குத் துரோகம், சொல்லாவிட்டால் வதனாவுக்குத் துரோகம். ஞாயிறு பூசையில் எல்லோரும் நற்கருணை நன்மை வாங்க வரிசையில் போக, அவள் மர வாங்கிலேயே முழந்தாளில் இருந்தாள். கடவுளை ஏமாற்றுவதற்கு அவளுக்குத் துணிவு இல்லை. ஒரு கிழமை, இரண்டு கிழமை, நாலு கிழமை. சனம் திரும்பிப் பார்க்கத் தொடங்கியது.

ஜுனைதாவும் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். ஒருநாள் வதனா வராத நேரம் பார்த்துத் தவமலர் அவளிடம் கேட்டாள். ஓர் ஆள் ஒரு சத்தியம் செய்திருக்கிறார், அது கெட்டதுக்குச் செய்த சத்தியம், உங்கள் மார்க்கத்தில் அதற்கு என்ன சொல்லுவார்கள் என்று.

"ஒராளா?" என்றாள் ஜுனைதா, மீனிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்த ஒராள்ட பேரு தவமலரா ஈக்குமோ?"

தவமலர் உப்பை அள்ளித் தொட்டிக்குள் போட்டாள். ஜுனைதா சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"கேளு புள்ள. பாவத்துக்குச் செஞ்ச சத்தியத்தப் புடிச்சிக்கிட்டு ஈக்கக் கூடாது, அத முறிச்சே ஆகணும். முறிச்சிட்டு, சத்தியம் பண்ணின குத்தத்துக்குப் பத்து ஏழை மிஸ்கீன்களுக்குச் சாப்பாடு குடுக்கணும். எங்கட பள்ளி ஹஸ்ரத் பயான்ல சொல்லிக் கேட்டீக்கன். உங்கட ஃபாதர்ட்டயும் கேட்டுப் பாரு. ரெண்டு பேரும் ஒண்டத்தான் சொல்லுவாங்க."

அவள் போய்க் கேட்டாள். பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவில்லை, கோயில் விறாந்தையில் நின்று, அதே 'ஒராள்' கதையைத்தான் சொன்னாள். ஃபாதரும் யார் என்று கேட்கவில்லை. தீமையை மூடுவதற்குச் செய்த சத்தியத்தைக் கடவுள் ஏற்றுக்கொள்வதே இல்லை, அது கட்டாது, அதைச் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும், செய்தபடி நடக்கக்கூடாது என்றார். அந்தோனியாருக்குப் பயப்படத் தேவையில்லை, அந்தச் சத்தியத்தால் அழுகிற ஆளின் கண்ணீருக்குப் பயப்படச் சொல்லுங்கள் என்றார்.

பாரம் இறங்கிவிடும் என்று நினைத்துக்கொண்டுதான் படியிறங்கினாள். கெபியடியில் வரும்போது கால் நின்றுவிட்டது. சுரூபத்தைப் பார்த்தாள். சத்தியம் கட்டாது. சரி. அப்படியென்றால் இப்போதே போய் வதனாவிடம் சொல்லலாமே? கால் அசையவில்லை. அந்த இடத்தில்தான் தவமலருக்கு முழுதாக வெளித்தது. அவளைக் கட்டி வைத்திருந்தது அந்தோனியார் இல்லை. பொலிஸ் பிடித்து யோசேப்பு மறியலுக்குப் போய்விடுவான், தான் தனித்துவிடுவேன் என்ற பயம். அந்தப் பயத்துக்கு அவள் அந்தோனியாரின் பேரை வைத்திருந்தாள், அவ்வளவுதான். சத்தியம் அவளுக்குப் பூட்டாக இருக்கவில்லை, ஒளிந்துகொள்ள ஒரு மறைப்பாக இருந்தது. அதுவும் போய்விட்ட பிறகு ஒளிய இடமே இல்லை. அன்று அவள் முன்னையிலும் பயந்துபோய்த்தான் வீட்டுக்கு வந்தாள்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் அந்த ஊரில் சிலுவைப்பாதை ஊர்வலம் ஒழுங்கைத் தெருக்களால் வரும். பதினான்கு நிலைகளையும் பதினான்கு வாசல்களுக்குப் பங்கிட்டிருப்பார்கள். தங்கள் வாசலுக்கு வரும் நிலைக்கு வீட்டுக்காரர் மேசை வைத்து, வெள்ளைத் துணி விரித்து, விளக்குக் கொளுத்தி, வாசகத்தையும் தாங்களே வாசிக்கவேண்டும். ஒன்பதாவது நிலை, இயேசு மூன்றாம் தரம் விழுவது, தவமலருக்கும் வதனாவுக்கும் பொது. வேலி இடைவெளிக்கு நேரே மேசையை வைப்பார்கள், இரண்டு கால் அந்த வளவில், இரண்டு கால் இந்த வளவில். போன வருடம் வாசித்தது ஜெனோசன். இந்த வருடம் வதனா வரமாட்டேன் என்றுவிட்டாள். புருசனைச் சாபம் போட்டு அனுப்பினவள் சிலுவைக்கு விளக்கு வைக்கலாமோ அக்கா என்று கேட்டாள். ஐந்து வெள்ளியும் தவமலர் தனியாகத்தான் மேசையைத் தூக்கி வைத்தாள். யோசேப்பு வாசிக்கமாட்டேன் என்றான், அவளே தடுமாறித் தடுமாறி வாசித்தாள்.

ஆறாவது வெள்ளிக்கு முதல் நாள் மடுத்தீன் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்தார். சிலாபத்திலிருந்து புதிதாக ஒரு சுழியோடி வந்திருக்கிறான், நாளைக்கு மறுபடி வெடிக்குப் போகிறோம் என்றார். யோசேப்பு தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். நீ வராவிட்டால் ஊர் என்ன நினைக்கும், நீ வந்தால்தான் ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகும், போட்டது யார் என்பதை நான் மறக்கவில்லை என்றும் சொன்னார். சத்தம் போடவில்லை. நல்ல மனுசன் புத்தி சொல்வது மாதிரித்தான் சொன்னார்.

விடிய யோசேப்பு போய்விட்டான்.

பதினொரு மணிக்கு மீன் வந்தது. பாரை, நல்ல பெரிய பாரை, ஆறு பெட்டி. தவமலர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கும்போதே வதனா ஒன்றை எடுத்துக் கீறிவிட்டாள். ஒரு மாதத்துக்கு மேல் பழகிய கை. கொஞ்சம் கோணலாகக் கீறினாலும் இப்போது கீறுவாள். விரித்துப் பார்த்தவள் அப்படியே நின்றாள். விரலால் முள்ளைத் தொட்டாள்.

"அக்கா, இந்த மீன்ர நடுமுள்ளு ஏன் இப்பிடி நொறுங்கிக் கிடக்கு?"

ஜுனைதா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வாடியில் கத்திச் சத்தங்கள் ஒவ்வொன்றாக நின்றன. தவமலர் அந்த மீனைப் பார்த்தாள். கட்டி நிற்கும் இரத்தத்தைப் பார்த்தாள். அடியில் ஒரு பிள்ளை முக்குளித்து இதை அள்ளியிருக்கிறான், மேலே தன் புருசன் கையில் வெடியோடு நின்றிருக்கிறான். இன்றைக்கு அந்தப் பிள்ளை பிழைத்துவிட்டான். நாளைக்கு?

கத்தியைப் பலகையில் வைத்தாள்.

"பின்னேரம் சொல்லுறன் பிள்ளை. சிலுவைப்பாதைக்கு முதல் வேலியடிக்கு வா. கட்டாயம் சொல்லுவன்" என்றாள். எழும்பிக் கையைக் கழுவினாள்.

வாசலில் மடுத்தீன் நின்றார். எங்கே போகிறாய், ஆறு பெட்டி கிடக்கிறது என்றார். இந்த மீனை நான் கீறமாட்டேன் என்றாள். அவர் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார்.

"கெபியில கை வைச்சது ஞாபகம் இருக்கோ?"

"ஓம் சம்மாட்டியார். வைச்சது பிழை. இனி எங்கயும் வைக்க மாட்டன்."

அவரை விலத்திக்கொண்டு வெளியே வந்தாள். வீட்டுப் பக்கம் நடந்தாள்.

யோசேப்பு வீட்டுப் பின்பக்கம் பூவரச மரத்தடியில் இருந்தான். அவள் அவனுக்கு முன்னால் மண்ணில் இருந்து, சுற்றி வளைக்காமல் சொன்னாள். வதனாவிடம் சொல்லப்போகிறேன். நீங்கள் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. வந்தால் நல்லது.

அவன் மண்ணில் கிடந்த பூவரசம் இலையை எடுத்து நாலாக மடித்தான். பிறகு, "நான் உள்ள போனா நீ என்ன செய்வாய், மலர்?" என்று கேட்டான்.

"தெரியாது" என்றாள். "இப்பவும் நாங்கள் உள்ளதானே இருக்கிறம்."

அவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தினான். இரண்டு மாதமாக அழாத மனுசன் அன்றைக்கு அழுதான். அழுது முடித்துவிட்டு, இத்தனை நாளும் அவளுக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னான். ஜெனோசன் கதைக்காமல் குதிக்கவில்லை என்றான். தவமலர் அவன் கையைப் பிடித்து எழுப்பினாள். அதை வதனாவிடமே போய்ச் சொல்லுங்கோ, நான் சொல்லிப் பிரயோசனமில்லை என்றாள்.

நாலரை மணிக்கு வதனா வேலியடிக்கு வந்தாள். தவமலர்தான் தொடங்கினாள். மீன், முறிந்த முள், உப்பு, கெபி, எல்லாவற்றையும் சொன்னாள். தன் பங்கில் ஒன்றையும் குறைக்கவில்லை. "உன்ர வீட்டு ஒப்பாரி எனக்குக் கேட்டுக்கொண்டு இருந்தது. கேட்டுக்கொண்டுதான் கீறினனான்" என்றாள். பிறகு யோசேப்பு இடைவெளிக்குள் வந்து நின்றான். வெடியைத் தான்தான் போட்டது என்றான். வதனா அவன் கைகளைப் பார்த்தாள்.

"அவன் குதிக்க முதல் என்னோட கதைச்சவன் பிள்ளை. சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவன். 'அண்ணை, இண்டைக்குத்தான் கடைசி. நாளைக்கு வரமாட்டன். வீட்ட போய் அவளிட்ட சொல்லோணும், இந்தச் சண்டையில நீதான் வெண்டனீ எண்டு.' அப்பிடித்தான் சொன்னவன். நான் அதை மறைச்சுப்போட்டன்."

வதனா வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டாள்.

"கோவத்தில போகேல்லையோ?"

"இல்லைப் பிள்ளை."

"கோவத்தில போகேல்லை" என்று தனக்கே ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். முகம் கல்லாகிவிட்டது. "இதைப் பொலிசில சொல்லுவீங்களோ?"

யோசேப்பு ஓம் என்றான். நாளைக்கு முதல் பஸ்ஸில் புத்தளத்துக்குப் போகிறோம் என்றான். அவள் திரும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வந்தது. ஜனவரியில் அழாத அழுகை அது, இப்போதுதான் வந்தது. இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டு வேலிக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். போய்த் தேற்றுவதற்கு அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை.

ஐந்தரைக்குச் சிலுவைப்பாதைப் பாட்டு ஒழுங்கை முனையில் கேட்டது. எட்டாவது நிலையில் சனம் நிற்கும்போது வதனாவின் கதவு திறந்தது. முகம் கழுவியிருந்தாள், தலை இழுத்துப் பின்னியிருந்தாள். மேசையை அவளே தூக்கி வந்தாள். இடைவெளியில் வைக்கவில்லை. நாலு காலும் தன் வளவுக்குள் இருக்கும்படி வைத்தாள். வெள்ளைத் துணியை விரித்து, விளக்கைக் கொளுத்தி, காற்றுக்குக் கையால் மறைத்துப் பிடித்தாள். சனம் வந்து முழந்தாளிட்டபோது வாசித்தாள். நடுவில் இரண்டு தரம் நிறுத்தினாள், பிறகும் வாசித்தாள். தவமலரும் யோசேப்பும் தங்கள் பக்கத்து மணலில், வேலிக்குப் பின்னால், முழந்தாளில் இருந்தார்கள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை.

காலை ஐந்தே முக்கால் பஸ்ஸுக்கு யோசேப்பு கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சேட்டைப் போட்டிருந்தான். தவமலர் ஒரு பையில் அவனுக்குச் சாரமும் துவாயும் பல்பொடியும் வைத்திருந்தாள். திரும்பி வரும்போது அந்தப் பை தன் கையில் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். வாடியில் இனி அவளுக்குப் பலகை இல்லை. மடுத்தீன் லோயரைப் பிடிப்பார், எல்லாவற்றையும் யோசேப்பின் தலையில் போடுவார், ஊரில் பாதி அவர் பக்கம்தான் நிற்கும். பயம் போகவில்லை. ஆனால் கெபியைத் தாண்டும்போது அவள் தலையைக் குனியவில்லை. அந்தோனியாரே, வைத்த கையை எடுத்துவிட்டேன் என்று மனதுக்குள் சொன்னாள்.

பஸ் வந்து நின்றபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. வதனா. கறுப்புச் சட்டை, கையில் மரணப் பத்திரம் வைத்த உறை. அவர்களைத் தாண்டி ஏறி, அவர்களுக்கு முன் ஆசனத்தில் யன்னலோரம் இருந்தாள். பாலாவி உப்பளங்கள் வந்தபோதும் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே வெயில் ஏறி, தவமலரின் முகத்தில் நேராக அடித்தது. அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பையை மடியில் இறுக்கிப் பிடித்தாள்.

முன்னால் இருந்த வதனா, யன்னல் கண்ணாடியில் அதைக் கண்டு, திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டித் தவமலரின் பக்கத்து யன்னல் திரைச்சீலையை இழுத்துவிட்டாள்.

புத்தளத்தில் மூன்று பேரும் ஒரே தரிப்பிடத்தில் இறங்கினார்கள்.